விளக்கு எரிவது சான்றாகாது: வீட்டு ஒயரிங்கை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

வீட்டு ஒயரிங் பற்றி நம் வீடுகளில் எழும் கேள்விகளைத் தொகுத்துப் பார்த்தால், அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில்லறைச் சந்தேகங்களாகத் தெரியும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்குவது ஏன்? பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிவது எப்படி? ஃபேனைத் துடைக்கும்போது விரலில் சுருக்கென்று ஏறுவது எதனால்? மழை நாளில் அடிக்கடி டிரிப் ஆகும் ஆர்சிசிபியைக் கழற்றிவிடலாமா? ஒவ்வொன்றுக்கும் தனி விடை உண்டு. எலக்ட்ரீஷியனும் வந்து தனித்தனியாகவே சரிசெய்துவிட்டுப் போகிறார். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே பழக்கத்திலிருந்து பிறப்பவை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, எனவே ஒயரிங் சரி என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். தவறாகச் செய்த ஒயரிங்கிலும் விளக்கு சரியாகத்தான் எரியும். ஒயரிங்கின் தரம் தெரிவது விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும், எங்கோ ஒன்று பழுதாகும் நேரத்திலும்தான். இந்த இரண்டு நேரங்களையும் நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை.

இரண்டு கம்பி, ஒரு சுவிட்ச்

சிங்கிள் ஃபேஸ் இணைப்பில் வீட்டுக்குள் வருபவை இரண்டு கம்பிகள். ஃபேஸ் கம்பியில் தரையோடு ஒப்பிட 230 வோல்ட் அழுத்தம் இருக்கிறது. நியூட்ரல் கம்பி டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியோடு இணைக்கப்பட்டிருப்பதால் அதில் அந்த அழுத்தம் அநேகமாக இல்லை. பல்பு எரிய இரண்டும் வேண்டும். இரண்டில் எதைத் துண்டித்தாலும் பல்பு அணைந்துவிடும். எனவே சுவிட்சை ஃபேஸில் வைத்தாலும் நியூட்ரலில் வைத்தாலும் பல்பின் நடத்தையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஏதும் இல்லை. வேறுபாடு அணைத்த பிறகு இருக்கிறது. சுவிட்ச் ஃபேஸில் இருந்தால், அணைத்ததும் ஹோல்டர் வரை செல்லும் கம்பி செத்துப்போகிறது. நியூட்ரலில் இருந்தால், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் பரவலாக உள்ள, அழுத்தித் திருப்பிப் பூட்டும் பல்பு ஹோல்டரில் இரண்டு ஸ்பிரிங் பின்களும் விரல் எட்டும் ஆழத்தில்தான் இருக்கின்றன. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு, ஈரமான தரையில் நின்று பல்பை மாற்றுபவரின் விரலுக்கும் அந்தப் பின்னுக்கும் இடையே காப்பு எதுவும் இல்லை.

அந்தத் தொடுகை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடத்திய சோதனைகள் இத்துறையின் அடிப்படைச் சான்றுகளுள் சேர்ந்தவை. பிடித்த கம்பியைத் தாமாக விட முடிகிற உச்ச மின்னோட்டம் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்றும், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்றும் அவர் கண்டறிந்தார். அதற்கு மேல் போனால் தசை இறுகிக்கொள்ளும், கை விடாது. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு சீர்குலையும் அபாயம் தொடங்குகிறது. ஈரமான உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் மின்னோட்டமும் ஏறக்குறைய அதே அளவுதான். மெயின் போர்டில் இருக்கும் 6 ஆம்பியர் எம்சிபியின் பார்வையில், உயிருக்குப் போராடும் மனிதர் இன்னொரு 60 வாட் பல்பு, அவ்வளவே. அது டிரிப் ஆக வேண்டிய அவசியமே இல்லை. எம்சிபி மின்சாரத்திலிருந்து மனிதனைக் காக்கச் செய்யப்பட்டதன்று. கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கச் செய்யப்பட்டது.

இந்த ஆபத்து சட்டத்துக்குத் தெரியாததும் அன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32ஆம் விதி, நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக் கூடாது என்றும், வைத்தால் ஃபேஸும் நியூட்ரலும் ஒருசேரத் துண்டிக்கப்படும் இணைப்புச் சுவிட்சாகவே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. விதி இவ்வளவு பழையதாக இருந்தும் பிழை தொடர்வதற்குக் காரணங்கள் எளியவை. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு; கறுப்பு நியூட்ரலுக்கு; பச்சை எர்த்துக்கு என்பது நம் நாட்டு வழக்கம். வேலை நடக்கும் இடத்தில் 90 மீட்டர் காயிலில் எந்த நிறம் மிஞ்சியதோ அது குழாய்க்குள் போகிறது. பின்னால் வருகிற ஆள் நிறத்தை நம்பினால் ஏமாறுவார். இதில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பிய முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். நாம் வாங்கும் பல கருவிகளின் பிளக் ஒயரில் அந்த முறைதான் இருக்கிறது. நீலத்தை நியூட்ரலாகப் பார்த்துப் பழகிய கண், மூன்று ஃபேஸ் வீட்டில் நீல நிறத்தில் வரும் ஃபேஸையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடும். எல்லாம் சரியாகச் செய்யப்பட்ட வீட்டில்கூட, மீட்டருக்கு வரும் இரண்டு கம்பிகள் ஒரு பழுதுபார்ப்பின்போது இடம் மாறினால் வீடு முழுவதன் சுவிட்சுகளும் ஒரே நொடியில் நியூட்ரல் சுவிட்சுகளாகிவிடும். வீட்டுக்காரருக்கு எந்த மாற்றமும் தெரியாது. விளக்கு முன்போலவே எரியும்.

எல்இடி காட்டிக்கொடுத்த பழைய குற்றம்

சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மினுங்குகிறது என்ற புகார் கடந்த பத்து ஆண்டுகளில் பெருகியது. பல்பு மட்டமானது என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் பல்பு புதிதாக எந்தக் குற்றமும் செய்யவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. 60 வாட் குண்டு பல்பின் இழை வெளிச்சம் தர ஆயிரக்கணக்கான டிகிரி சூடேற வேண்டும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவு அதைச் சற்றும் அசைக்காது. எல்இடிக்கோ அந்தக் கசிவே போதும். அதன் உள்ளே இருக்கும் கண்டன்சர் சிறுகச் சிறுக நிரம்பி, ஒரு மின்னலாக வெளிப்பட்டு, மறுபடி நிரம்பத் தொடங்கும். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகளை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வந்த அந்தப் பல்பு, யாரும் எதிர்பாராத விதத்தில், வீட்டுக்கு வீடு ஒயரிங்கைச் சோதிக்கும் கருவியாகவும் ஆகிவிட்டது.

அந்தக் கசிவுக்கு மூன்று மூலங்கள் உண்டு. அணைந்திருக்கும்போது ஒளிரும் சிறு சிவப்பு விளக்கு சுவிட்சிலேயே இருந்தால், அதன் வழியாகச் செல்லும் நுண்ணிய மின்னோட்டம் பல்பைக் கடந்துதான் திரும்புகிறது. இது ஆபத்தில்லாதது, அந்தக் குட்டி விளக்கைக் கழற்றினால் தீரும். நீண்ட குழாய்க்குள் ஃபேஸ் கம்பியும் சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் கம்பியும் ஒட்டியபடி ஓடினால், இரண்டுக்கும் இடையே ஒரு கண்டன்சர்போல மின்சாரம் தாவும். இதுவும் தொல்லைதானே தவிர ஆபத்தன்று. மூன்றாவது மூலம் நாம் மேலே பார்த்த பிழை: சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. அணைத்த பிறகும் பல்பின் உள்ளே ஃபேஸ் நிற்பதால், அது சுவரின் ஈரத்தையும் உலோகச் சட்டத்தையும் தேடிக் கசிகிறது. மூன்றிலும் பல்பின் மினுக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் இரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம், மூன்றாவதைப் பொறுக்கக் கூடாது. ஆகவே இந்த மினுக்கத்துக்குச் சரியான எதிர்வினை வேறு கம்பெனிப் பல்பு வாங்குவது ஆகாது. சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரில் ஃபேஸ் நிற்கிறதா என்று தெரிந்த ஆளைக்கொண்டு பார்க்க வேண்டும்.

மாடிப்படி விளக்கிலும் இதே பாடம் வேறு உருவில் வருகிறது. கீழே போட்டு மேலே அணைக்க இரண்டு டூ-வே சுவிட்சுகள் வேண்டும். முறையான இணைப்பில் முதல் சுவிட்சின் நடு முனைக்கு ஃபேஸ் வரும். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே இரண்டு கம்பிகள் ஓடும். இரண்டாவது சுவிட்சின் நடு முனையிலிருந்து பல்புக்குக் கம்பி போகும். நியூட்ரல் நேராகப் பல்புக்கு வரும். கம்பியை மிச்சப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. இரண்டு சுவிட்சுகளுக்கும் பக்கத்திலிருக்கும் போர்டிலிருந்து ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கொடுத்துவிட்டு, நடு முனைகளுக்கு இடையே பல்பை மாட்டிவிடுவார்கள். இரண்டு சுவிட்சுகளில் ஒன்று ஃபேஸிலும் மற்றொன்று நியூட்ரலிலும் இருந்தால் பல்பு எரியும். இரண்டும் நியூட்ரலில் இருந்தால் அணையும். இரண்டும் ஃபேஸில் இருந்தாலும் அணையும், ஆனால் அப்போது பல்பின் இரு முனைகளிலும் 230 வோல்ட் நிற்கும். போதாக்குறைக்கு, ஒரே சுவிட்சின் அரை அங்குல இடைவெளிக்குள் ஃபேஸும் நியூட்ரலும் எதிரெதிரே இருப்பதால், உள்ளே தீப்பொறி தாவினால் நேரடி ஷார்ட் சர்க்யூட். அமெரிக்காவின் மின்விதி நூல் இந்த முறையை 1923லேயே தள்ளிவிட்டது. சுவிட்சைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கிறவருக்கு இரண்டு இணைப்புகளும் ஒரே மாதிரி வேலை செய்யும். படியில் ஏறுகிறவருக்கும் அப்படியே.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

விளக்கு எரிவதற்கு அடுத்தபடியாக நாம் நம்பும் சாட்சி சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர். அதனுள் ஒரு நியான் குமிழும், ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. ஃபேஸில் வைத்து மறுமுனையை விரலால் தொட்டால், நம் உடல் வழியே ஆபத்தில்லாத அளவு மின்னோட்டம் ஓடிக் குமிழ் ஒளிரும். அது சொல்வது ஒரே ஒரு செய்தி: இந்த முனைக்கும் தரைக்கும் இடையே அழுத்தம் இருக்கிறது. நியூட்ரல் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா, அவை லோடைத் தாங்குமா என்பவற்றில் ஒன்றையும் அது சொல்லாது. பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்து, ஆனால் எந்தக் கருவியும் ஓடாமல் இருக்கும் நிலையை இதைக்கொண்டு விளக்கலாம். இரண்டு ஃபேஸ் வந்துவிட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் வந்ததோ ஒரே ஃபேஸ்தான், போனதுதான் நியூட்ரல். வீட்டில் எங்கோ ஒரு விளக்கோ ஃபேனோ போட்டபடி இருக்க, ஃபேஸ் அதன் வழியாகக் கடந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் கம்பி முழுவதிலும் நிற்கிறது. கறுப்புக் கம்பிதானே என்று தொடுகிறவருக்கு அது ஃபேஸ்.

இந்த இடத்தில் செய்யப்படும் அவசர வைத்தியம் நோயைவிடக் கொடியது. நியூட்ரல் எங்கே அறுந்தது என்று தேட நேரமும் பொறுமையும் வேண்டும். பக்கத்திலேயே பச்சைக் கம்பி இருக்கிறது. அதை நியூட்ரலுக்குப் பதிலாக மாட்டினால் விளக்கு உடனே எரிகிறது, வீட்டுக்காரர் மகிழ்கிறார். இனி அந்த வீட்டின் எர்த், லோடு சுமக்கும் கம்பியாகிவிட்டது. எர்த் குழி காய்ந்து அதன் தடை கூடினாலோ, அந்தக் கம்பி எங்கோ தளர்ந்தாலோ, அந்த எர்த்தோடு இணைந்த ஃபிரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உலோக உடல்களுக்கெல்லாம் மின்சாரம் ஏறும். காப்பதற்காகப் போட்ட கம்பியே ஆபத்தை அறைக்கு அறை கொண்டுசெல்கிறது. எரிந்தால் சரி என்ற அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஃபேன்: எது பழுது, எது ஆபத்து

ஃபேன் பற்றிய கேள்விகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெதுவாகச் சுற்றுவது, உறுமுவது, கையால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடுவது ஆகியவை ஒயரிங்கின் குற்றங்கள் அல்ல. சாதாரணச் சீலிங் ஃபேனில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு முன் ஏறத்தாழ 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் இருக்கிறது. அது நைந்தால் சுழற்சிக்கான உந்துதல் குறையும். கண்டன்சரை மாற்றினால் பெரும்பாலும் ஃபேன் பழைய வேகத்துக்குத் திரும்பும். பெட்டிபோல் பெரிதாக இருந்த பழைய ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்கும்போது, மிச்சமாகியிருக்க வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்கியது. பின்னால் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை நறுக்கிக் கொடுப்பதால் சில ஃபேன்கள் உறுமுகின்றன. கண்டன்சர்களை வைத்துப் படிப்படியாக வேகத்தை மாற்றும் ரெகுலேட்டரில் அந்த உறுமல் இல்லை. 75 வாட் அளவுக்கு இழுக்கும் பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்குகிறவர்கள் சுவர் ரெகுலேட்டரை அதன் லைனிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதன் உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கு நறுக்கிய அலை ஒத்துக்கொள்ளாது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாகியிருப்பதால் இந்த மாற்றம் இன்னும் விரைவுபெறும். இவையெல்லாம் வசதியும் செலவும் சார்ந்த விஷயங்கள்.

ஃபேனைத் தொட்டால் ஷாக் அடிப்பது வேறு வகை. சுருளின் காப்பு எங்கோ கருகி, ஃபேஸ் உலோக உடலைத் தொட்டுவிட்டது என்பது அதன் பொருள். ஃபேனுக்கு எர்த் முனை உண்டு. பெரும்பாலான வீடுகளில் கூரைக்கு இரண்டே கம்பிகள் வருவதால் அந்த முனை வெறுமனே கிடக்கிறது. எட்டாத உயரத்தில்தானே இருக்கிறது என்பது சமாதானம். ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரும்பு ஏணியில் ஏறி ஈரத் துணியால் அதைத் துடைப்பதும் நாம்தான். எர்த் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. நம் வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் தாமே தோண்டிய குழிதான். அதன் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேன் உடலிலிருந்து எர்த் வழியே பாய்வது 230ஐ 20ஆல் வகுத்த 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு டிரிப்பே ஆகாது. 6 ஆம்பியர் எம்சிபி சூடேறி டிரிப் ஆகவும் நிமிடக் கணக்காகலாம். அதுவரை ஃபேன் உடலில் மின்சாரம் நிற்கும். நல்ல எர்த்தும் நல்ல எம்சிபியும் சேர்ந்தும் மூட முடியாத இடைவெளி இது. இதை மூடுவது ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் ஒன்றா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 நொடிக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது அதற்கான தர வரையறை. கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் 0.04 நொடிக்குள். 60 வாட் பல்பையும் மனிதரையும் பிரித்தறியத் தெரிந்தது வீட்டில் இது ஒன்றுதான். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் வீடுகளில் இதைப் பொருத்துவதை விதியாக்கியிருக்கிறது.

மறுப்புகள்

முப்பது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது முதல் மறுப்பு. அனுபவத்தின் வலு அதற்கு இருப்பதால் அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனால் மேலே பார்த்த பிழைகள் ஒவ்வொன்றும் பாதி விபத்துகள். மறுபாதி வந்து சேரும்வரை அமைதியாகவே இருக்கும். நியூட்ரலில் வைத்த சுவிட்சுக்கு ஓர் ஈரக் கை வேண்டும். எர்த் இல்லாத ஃபேனுக்கு ஒரு கருகிய சுருள் வேண்டும். முப்பது வருடமும் மறுபாதி வரவில்லை என்பது வராது என்பதற்கு உறுதியாகாது. நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. அவற்றுள் வயல்வெளியிலும் கம்பத்திலும் நேர்ந்தவையும் அடங்கும் என்பதால் முழு எண்ணையும் வீட்டு ஒயரிங்கின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனால் அந்த மரணங்களில் வீட்டுக்குள் நேர்ந்தவற்றுக்கும் முந்தைய நாள்வரை எல்லாம் நன்றாகத்தான் ஓடியிருக்கும். தவிரவும், முப்பது வருடத்துக்கு முன் இருந்த வீடு இன்று இல்லை. அன்று நான்கு டியூப் லைட்டும் மூன்று ஃபேனும் இருந்த இடத்தில் இன்று கீசர், வாஷிங் மெஷின், மோட்டார், ஏசி என்று உலோக உடல் கொண்ட, தண்ணீரோடு உறவாடும் கருவிகள் வந்துவிட்டன.

இரண்டாவது மறுப்பு ஆர்சிசிபியைப் பற்றியது: காரணமில்லாமல் டிரிப் ஆகிறது, நடு இரவில் வீட்டை இருட்டாக்குகிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கருவி 15ஐத் தாண்டியதிலிருந்தே டிரிப் ஆகலாம் என்பதைத் தர விதி அனுமதிக்கிறது. கம்ப்யூட்டர், டிவி போன்ற ஒவ்வொரு எலக்ட்ரானிக் கருவியும் தன் பங்குக்குச் சிறிது கசியவிடுகிறது. மழையில் சுவர் ஊறினால் பழைய கம்பிகளும் சேர்ந்துகொள்கின்றன. வீடு முழுமைக்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தால் எல்லாக் கசிவும் ஒன்றுகூடி அதைத் தள்ளிவிடும். இதற்கு வழி சர்க்யூட்டுகளைப் பிரித்து இரண்டோ மூன்றோ வைப்பது. ஆனால் காரணமில்லாமல் என்று சொல்லப்படும் டிரிப்களில் பலவற்றுக்குக் காரணம் இருக்கிறது. ஓர் அறையின் விளக்குக்கு ஃபேஸை ஒரு சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரலைப் பக்கத்துச் சர்க்யூட்டிலிருந்தும் கடன் வாங்கியிருந்தால், போனதும் வந்ததும் கணக்கில் ஒத்துவராது. ஆர்சிசிபி டிரிப் ஆகத்தான் செய்யும். எர்த்தை நியூட்ரலாக்கிய வீட்டிலும் அதுவே நடக்கும். விளக்கு எரிவதால் இத்தனை நாள் மறைந்திருந்த பிழையை முதன்முதலாக ஒரு கருவி கண்டுபிடித்துச் சொல்கிறது. அதை பைபாஸ் செய்துவிடுவது சாட்சியின் வாயை அடைப்பதுதான். அதே சமயம் இதற்கும் வரம்பு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை, தரைக்குக் கசிவு இல்லாவிட்டால், ஆர்சிசிபியால் காப்பாற்ற முடியாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்காவிட்டால் அது வேலை செய்கிறதா என்பதும் தெரியாது.

மெயினை அணைத்துவிட்டுத்தானே தொடுகிறோம், சுவிட்ச் எதில் இருந்தால் என்ன என்பது மூன்றாவது மறுப்பு. இன்வெர்ட்டர் இல்லாத காலத்தில் இதற்கு வலு இருந்தது. கடுமையான மின்வெட்டு நிலவிய 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் பெருமளவில் நுழைந்தது. அது உயிர்கொடுப்பது எதற்கு? பெரும்பாலும் விளக்குக்கும் ஃபேனுக்கும்தான். அதாவது, நாம் அதிகமாகக் கைவைக்கும் அந்த இரண்டு லைன்களிலும் மெயினை அணைத்த அடுத்த நொடியே பேட்டரியிலிருந்து 230 வோல்ட் வந்து நிற்கும். மின்சாரம் போனதாக நினைத்து ஃபேனைக் கழற்றுகிறவருக்கு இன்வெர்ட்டரைத் தனியாக அணைக்க வேண்டும் என்ற நினைவு அவசியம். மெயினில் இருக்கும் ஆர்சிசிபி, பேட்டரியில் ஓடும் நேரத்தில் இன்வெர்ட்டர் லைனையும் காக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைத் தனியாகப் பிரிக்காமல் பொது நியூட்ரலோடு கலந்துவிடுவதும் வழக்கமாக நடக்கிறது. அது ஆர்சிசிபியையும் குழப்பும், பழுதுபார்ப்பவரையும் குழப்பும்.

கடைசி மறுப்பு செலவு. சுவரை உடைத்து வீட்டையே மறுபடி ஒயரிங் செய்யச் சொல்கிறீர்களா என்று கேட்கலாம். தேவையில்லை. பிழைகளின் வரிசையைப் பார்த்தால் கொடியவற்றில் பலவற்றுக்குச் செலவு குறைவு என்பது தெரியும். வீடு முழுவதும் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், மெயினில் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் போதும். ஒரே ஒரு போர்டில் மாறியிருந்தால் அந்த போர்டைத் திறந்து சரிசெய்யலாம். ஆர்சிசிபியின் விலை ஒரு நல்ல ஃபேனின் விலையை ஒட்டியதுதான். மாடிப்படி இணைப்பைத் திருத்த ஓரிரு கம்பிகளைக் குழாய் வழியே இழுக்க வேண்டியிருக்கும். ஃபேனுக்கு எர்த் கம்பி கொண்டுபோவதுதான் பழைய வீட்டில் உண்மையிலேயே சிரமமானது. அதை அடுத்த வெள்ளையடிப்புவரை தள்ளிப்போடலாம், அதற்குள் ஆர்சிசிபி இருந்தால். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கோ இந்தச் சமாதானம் எதுவும் கிடையாது. கூரை போடும் முன் மூன்றாவது கம்பிக்குச் சில நூறு ரூபாய் கூடுதல், அவ்வளவே.

யார் பொறுப்பு?

குற்றம் முழுவதையும் எலக்ட்ரீஷியன் தலையில் சுமத்துவது எளிது, ஆனால் சரியன்று. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இணைப்பு கொடுக்கும் முன் காப்புத் தடையை 500 வோல்ட் மெகரால் சோதித்து, அது ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் பழையதே. ஒரு லைட், ஃபேன் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ போகக் கூடாது என்ற வழிகாட்டலும் இந்தியத் தர விதிகளில் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கேட்பதில்தான். எந்த நிறக் கம்பி, எத்தனை எர்த் குழி, சோதனை அறிக்கை எங்கே என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் மிகக் குறைவு. சுவிட்ச் பிளேட்டின் நிறத்துக்கும் ஃபால்ஸ் சீலிங் விளக்குகளுக்கும் செலவிடும் பேச்சில் நூறில் ஒரு பங்குகூடச் சுவருக்குள் போகும் கம்பிக்குச் செலவாவதில்லை. கேட்காத வேலையைச் செய்து கொடுக்கும் கட்டாயம் தினக்கூலிக்கோ பாயிண்ட் கணக்குக்கோ உழைக்கும் ஆளுக்கு இல்லை. பாயிண்ட் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால், பாயிண்ட் எரிவதுதான் ஒப்பந்தம். அணைந்திருக்கும்போது அது எப்படி இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறுவதே இல்லை.

எனவே வேலை முடிந்த வீட்டில் ஐந்து விஷயங்களைக் காட்டச் சொல்லிக் கேட்பது வீட்டுக்காரரின் உரிமையும் கடமையும் ஆகும். ஒவ்வொரு சுவிட்சும் அணைந்த நிலையில், ஹோல்டரிலும் ஃபேனின் மேல் கப்பிலும் ஃபேஸ் நிற்கவில்லை என்று டெஸ்டரால் மட்டும் பார்க்காமல் மீட்டராலும் அளந்து காட்ட வேண்டும். மூன்று துளைப் பாயிண்டில் எர்த் மேலே இருக்க, எதிரில் நின்று பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் குழியின் தடையை அளந்து எழுதித் தர வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தி ஆர்சிசிபி டிரிப் ஆவதைக் கண்முன் காட்ட வேண்டும். எந்தெந்த லைன் இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்று மெயின் போர்டின் கதவில் எழுதி ஒட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் போதும். பழைய வீட்டில் இருப்பவர்களும் ஓர் உரிமம் பெற்ற மின்கம்பியாளை அழைத்து இதே ஐந்தையும் பார்க்கச் சொல்லலாம். இனி வேலை முடிந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்த்துப் பணம் கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். சுவிட்சை அணைக்கச் சொல்லி, அளந்து காட்டச் சொல்லி, அதற்குப் பிறகு பணம் கொடுங்கள்.